பிள்ளை தேறாவிட்டால் பொறுப்பு யாருடையது?

ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டு. இன்றைய துனீசியா நாட்டிலுள்ள கைரவான் நகரம். அங்கு எழுந்த ஒரு வழக்கிலிருந்து இக்கட்டுரையைத் தொடங்குவோம்.

ஓர் ஆசிரியர், தம்மிடம் ஓதிய சிறுவன் திருக்குர்ஆனை முடித்துவிட்டான் என்று கூறி, அதற்குரிய சன்மானத்தைச் சிறுவனின் தந்தையிடம் கேட்கிறார். தந்தை கொடுக்க மறுக்கிறார். தம் மகனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது அவர் வாதம். மாதந்தோறும் பெறும் கூலி வேறு, பிள்ளை ஓதி முடித்தவுடன் பெறும் இந்தச் சன்மானம் வேறு. தந்தையின் வசதிக்கும் பிள்ளையின் தேர்ச்சிக்கும் ஏற்ப அதன் அளவு கூடும், குறையும். நம் ஊர்களிலும் 'குர்ஆன் முடித்த' பிள்ளைக்கு மாலையிட்டு, ஓதிக் கொடுத்தவருக்கு வேட்டியும் பணமும் தட்டில் வைத்துக் கொடுக்கும் வழக்கம் உண்டல்லவா? அதன் மூத்த உறவு என்று அதனைக் கொள்ளலாம்.

இத்தகைய கேள்வி, மாலிக்கி மத்ஹபின் பெருநூலாகிய 'முதவ்வனா'வைத் தொகுத்தளித்த இமாம் ஸஹ்னூன் (ரஹ்) அவர்களிடம் வந்தது. அன்னாரின் விடையை அவர்களுடைய மைந்தர் முஹம்மது இப்னு ஸஹ்னூன் (ரஹ்) தம் சிறு நூலொன்றில் பதிவு செய்து வைத்துள்ளார். ஹிஜ்ரி 202-இல் பிறந்து 256-இல், அதாவது கி.பி. 870-இல் மறைந்தவர் அவர். நூலின் பெயர் 'ஆதாபுல் முஅல்லிமீன்', ஆசிரியர்க்குரிய ஒழுங்குகள் என்பது பொருள். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஏட்டுப் பிரதியாகவே இருந்த இந்நூல் 1931-இல் துனிஸ் நகரில் அச்சேறியது. ஆசிரியத் தொழிலைப் பற்றி மட்டுமே பேசும் அரபு நூல்களில் நமக்குக் கிடைத்துள்ளவற்றுள் மிகத் தொன்மையானவற்றில் இதுவும் ஒன்று.

இமாம் ஸஹ்னூன் (ரஹ்) அளித்த தீர்ப்பின் சாரம் இது. சிறுவனைக் கூப்பிட்டுச் சோதிக்க வேண்டும். முஸ்ஹஃபைத் திறந்து வைத்தால் பார்த்து ஓதுகிறானா? எழுத்துகளை இனங்கண்டு கூட்டுகிறானா? ஒருவர் சொல்லச் சொல்ல எழுதுகிறானா? இவை இருக்குமாயின், மனனம் இல்லாவிட்டாலும் சன்மானம் ஆசிரியருக்கு உரியது, தந்தை மறுக்க இயலாது. எழுதவும் தெரியவில்லை, பார்த்து ஓதவும் தெரியவில்லை என்றால் ஆசிரியருக்கு ஒன்றுமில்லை. அதுமட்டுமன்று. கடமையில் அலட்சியமானவர் என்று அவர் பெயர் எடுத்திருந்தால் கண்டிக்கப்பட வேண்டும், ஓதிக் கொடுக்கும் தொழிலிலிருந்தே தடுக்கப்பட வேண்டும்.

இதைப் படிக்கும் பெற்றோர் சிலர், பழி ஆசிரியர் மீதே என்று அன்றே சொல்லிவிட்டார்கள் எனக் களிக்கக் கூடும். சற்றுப் பொறுக்க வேண்டுகிறோம். வழக்கின் மறுபக்கமும் அதே நூலில் உண்டு. குர்ஆனில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஓதிய பிள்ளையைத் தந்தை இடையில் நிறுத்தி அழைத்துச் சென்றால், முழுச் சன்மானத்தையும் அவர் கொடுத்தாக வேண்டும். பிள்ளை முடிக்கவில்லை என்ற குறை அங்கே ஆசிரியரைச் சாராது. நிறுத்தியவர் எவரோ அவரையே சாரும்.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து, அதே கைரவானில் அபுல் ஹஸன் அல்காபிஸீ (ரஹ்) என்னும் பேரறிஞர் வாழ்ந்தார். பார்வை இழந்தவர், ஹிஜ்ரி 403-இல் மறைந்தவர். ஆசிரியர், மாணவர் பற்றிய விரிவான நூலொன்றை அவரும் செய்தார். அவர் இவ்வழக்கை இன்னும் ஆழமாகத் தோண்டுகிறார். பிள்ளைக்கு வரவில்லை என்றால், ஏன் வரவில்லை? ஆசிரியரின் கவனக்குறைவா? அன்றி, பிள்ளையின் அறிவுத்திறன் அவ்வளவுதானா? இரண்டாவதாக இருப்பின், அந்நிலையை ஆசிரியர் தந்தையிடம் காலத்தோடு தெரிவித்தாரா? தெரிவித்திருந்தால் பிள்ளையைக் காத்துப் பேணி ஒழுக்கம் பயிற்றியதற்குரிய கூலி அவருக்கு உண்டு. கற்பித்ததற்குரிய கூலி இல்லை. தெரிவிக்காமல் மறைத்து, மாதந்தோறும் கூலி வாங்கி வந்தவரின் நிலை வேறு.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று சிந்திக்க விரும்புகிறோம். காரணத்தை அறியுமுன் எவர் மீதும் பழி சுமத்த இச்சட்ட மேதைகள் ஒருப்படவில்லை. ஆசிரியர், தந்தை, பிள்ளை என்று மூவரையும் தனித்தனியே நிறுத்தி விசாரிக்கிறார்கள். தந்தையற்ற பிள்ளையாயின் கேள்வி இன்னும் விரிகிறது. காப்பாளர், தாய், அதற்கப்பால் ஊரின் காழி, அவரும் இல்லாத இடத்தில் அவ்வூர் மக்கள் என்று அல்காபிஸீ (ரஹ்) பொறுப்பை ஒவ்வொரு படியாக வெளியே கொண்டு செல்கிறார். எவருமே கூலி தர இல்லாத அநாதைக்கு ஆசிரியர் இறைவனுக்காக ஓதிக் கொடுத்தால் அதன் நற்கூலி பன்மடங்கு என்பதும் அவர் கருத்து.

ஆசிரியர் மீது அவர்கள் விதித்த கட்டுப்பாடுகளோ கடுமையானவை. ஓதிக் கொடுக்கும் நேரம் பிள்ளைகளுக்குச் சொந்தம். கூலிக்கு அமர்ந்தவர் என்பதால், தமக்கு நேரடிக் கடமையில்லாத ஜனாஸாவைப் பின்தொடர்ந்து செல்வதும் நோயாளியை நலம் விசாரிக்கச் செல்வதும்கூட அந்நேரத்தில் அவருக்கு ஆகாது. தம் வீட்டு வேலைக்குப் பிள்ளைகளை ஏவலாகாது. செல்வர் மகனும் ஏழை மகனும் அவர் முன் ஒன்றாக வேண்டும். பிள்ளை வராத நாளில் அதனை வீட்டாருக்குத் தெரிவிக்க வேண்டும். ஓதுவதில் தவறியதற்காக அடிப்பதானால் மூன்று அடிக்கு மேல் தந்தையின் அனுமதியின்றிக் கூடாது.

நாம் மதரஸாவில் ஓதிய காலத்தில் இந்நூல் எமது பாடத்தில் இல்லை. ஆசிரியரான பின்னரே கைக்கு வந்தது. முன்னரே வந்திருந்தால் எம் உஸ்தாதுமார்களுக்கு அந்த மூன்றை நினைவூட்டியிருப்போம். நினைவூட்டியதற்காக நான்காவது விழுந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

தம் மகனை ஆசிரியரிடம் ஒப்படைத்தபோது இமாம் ஸஹ்னூன் (ரஹ்) சொல்லியனுப்பிய செய்தியும் வரலாற்றில் உள்ளது. இவன் அடிக்கும் கண்டிப்புக்கும் வசப்படுபவன் அல்லன், புகழ்ச்சியாலும் மென்சொல்லாலும் இவனைத் திருத்துங்கள் என்பது அதன் கருத்து. தந்தை ஒருவர் தம் பிள்ளையின் இயல்பை எத்துணை நுணுக்கமாக அறிந்திருந்தார் என்பதே இங்கு நம்மை ஈர்க்கிறது. அந்தப் பிள்ளைதான் பின்னாளில் ஆசிரியர்க்கு ஒழுங்கு நூல் எழுதியவர். துனிஸ் நகரில் 1332-இல் பிறந்த இப்னு கல்தூன் (ரஹ்) தம் 'முகத்திமா'வில், வன்மையால் வளர்க்கப்படும் பிள்ளை பொய்யும் சூதும் சோம்பலும் கற்றுக்கொள்வான் என்று எச்சரித்ததும் இந்த மேற்குத் திசை மரபின் தொடர்ச்சியே ஆகும்.

இனி, அதே வழக்கு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் இங்கிலாந்தில் எவ்வாறு தீர்க்கப்பட்டது என்பதைக் காண்போம். அத்தீர்ப்பு கப்பலேறிச் சென்னைக்கும் வந்தது. ஆதலால் அது நமக்கு அயலார் கதையன்று.

1858-இல் இங்கிலாந்து அரசு, ஏழை மக்களின் கல்வி நிலையை ஆராய நியூகாஸில் பிரபுவின் தலைமையில் ஓர் ஆணையம் அமைத்தது. 1861-இல் அதன் அறிக்கை வெளியாயிற்று. அரசுப் பணம் பெருகுகிறது, ஆயினும் பெரும்பாலான பிள்ளைகள் வாசிக்கவும் எழுதவும் கணக்கிடவும் செவ்வையாக அறியாமலேயே பள்ளியை விட்டுச் செல்கின்றனர் என்பது அதன் முறையீடு. பொறுப்பு யாருடையது? கல்வித் துறையை நடத்தி வந்த ராபர்ட் லோ என்னும் அரசியல்வாதி இக்கேள்விக்கு ஒரே விடை கண்டார். பள்ளியும் ஆசிரியருமே பொறுப்பு. எனவே பிள்ளை தேறினால் பணம், தேறாவிட்டால் இல்லை.

1862-இல் வெளிவந்த அவருடைய விதித்தொகுப்பின் கணக்கு இது. ஆண்டில் 200 முறைக்கு மேல் வருகை தந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளி 8 ஷில்லிங் பெறலாம். ஆனால் அரசு ஆய்வாளர் நேரில் வந்து அப்பிள்ளையை வாசிப்பு, எழுத்து, கணக்கு என மூன்றிலும் சோதிப்பார். ஒவ்வொன்றில் தவறுவதற்கும் 2 ஷில்லிங் 8 பென்னி வெட்டப்படும். மூன்றிலும் தவறினால் அப்பிள்ளையால் தேர்வு வகையில் பள்ளிக்கு ஒரு காசும் இல்லை. பிள்ளை பசியோடு வந்தானா, காய்ச்சலோடு வந்தானா, அறுவடைக் காலத்தில் தந்தை அவனை வயலுக்கு இழுத்துச் சென்றாரா என்பவற்றைக் கேட்பதற்கு அந்தப் படிவத்தில் இடமே இல்லை. அதுவரை ஆசிரியருக்கு அரசு நேரடியாகக் கொடுத்து வந்த உதவியும் நின்றது. அவருடைய சம்பளம் பள்ளி நிர்வாகத்தாரோடு பேசி முடிக்கும் பேரமாயிற்று.

விளைந்தது என்ன? கற்பித்தல் தேர்வாளர் வரும் நாளை நோக்கியே சாய்ந்தது. பணம் தராத பாடங்களாகிய வரலாறும் பூகோளமும் மெலிந்தன. வாசிப்புப் புத்தகம் ஒன்றை ஆண்டு முழுவதும் திரும்பத் திரும்பச் சொல்லி, பிள்ளைகள் அதனைப் பாராமலே ஒப்பிக்கும் நிலைக்குக் கொண்டு வந்துவிட்டனர். பக்கத்தைப் பார்ப்பது போல் தோன்றும். கண் எழுத்தில் இராது. இதனை அறிந்த ஆய்வாளர்கள் வரியைப் பின்னிருந்து முன்னாக வாசிக்கச் சொல்லிச் சோதிக்க வேண்டியதாயிற்று. ஆசிரியரும் ஆய்வாளரும் ஒருவரை ஒருவர் வெல்ல முயலும் சதுரங்கமாக வகுப்பறை மாறியது. நடுவில் காயாக உருண்டவன் பிள்ளை.

கவிஞரும் பள்ளி ஆய்வாளருமான மாத்யூ ஆர்னால்டு இம்முறையை 1862-லேயே வெளிப்படையாக எதிர்த்து எழுதினார். தம் மேலதிகாரியின் திட்டத்தைக் கீழ்ப்பணியாளர் ஒருவர் இவ்வாறு தாக்கியது துணிவான செயலே. 1851 முதல் 35 ஆண்டுக் காலம் பள்ளி பள்ளியாக ஏறி இறங்கியவர் அவர். உதவி அதிகம் தேவைப்படும் ஏழைப் பள்ளியே இவ்விதியால் அதிகம் இழக்கும் என்று அவர் கண்டார். பிள்ளைகள் உண்மையில் அறியாமலே தேர்வில் தேறிவிடும் வித்தையைப் பள்ளிகள் கற்றுவிட்டன என்பதைப் பின்னர் 1867-ஆம் ஆண்டு அறிக்கையில் அவர் எடுத்துக்காட்டினார். லோ 1864-இல் பதவி விலகினார். ஆய்வாளர்களின் அறிக்கைகள் வெளியாகுமுன் திருத்தப்பட்டன என்று எழுந்த குற்றச்சாட்டே அதற்குக் காரணம். அவர் சென்ற பின்னும் அவருடைய முறை முப்பது ஆண்டு வாழ்ந்தது. 1890-களில்தான் அது முற்றாகக் கைவிடப்பட்டது.

சென்னை மாகாணத்துக்கும் இங்கிலாந்துப் பள்ளிகளுக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல் விந்தையானது. 1789-இல் எழும்பூரில் இராணுவத்தாரின் அநாதைச் சிறுவர் இல்லத்துக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நம் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதனைத் தம் இல்லத்தில் புகுத்தி, மூத்த பிள்ளை இளையவனுக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையோடு சேர்த்து, 1797-இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவிற்று. திண்ணைப் பள்ளியின் மணல் அங்கே சென்றது. அங்கிருந்து நமக்குத் திரும்பி வந்தது லோவின் கணக்குப் புத்தகம்.

அதற்கு முன்பே இக்கேள்விக்கு இந்த மண்ணில் நேர்மையான விடையொன்று எழுதப்பட்டிருந்தது என்பதை நாம் மறக்கலாகாது. 1822-இல் கவர்னர் தாமஸ் மன்றோ மாகாணம் முழுவதும் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826-இல் அவர் தொகுத்துரைத்தபடி 12,498 பள்ளிகள் இருந்தன, ஏறத்தாழ 1,88,000 பிள்ளைகள் படித்தனர். கல்வியின் தரம் தாழ்ந்திருப்பதை அவர் ஒப்புக்கொள்கிறார். ஆனால் பழியை ஆசிரியர் தலையில் கட்டவில்லை. ஆசிரியர் பொதுவாக மாதம் 6 அல்லது 7 ரூபாய்க்கு மேல் ஈட்டுவதில்லை, அத்தொகைக்குத் தகுதியுள்ளோர் எவ்வாறு வருவர் என்று கேட்கிறார். மக்களின் வறுமையையும் அரசின் ஆதரவின்மையையும் சேர்த்துச் சொல்கிறார். பெல்லாரி கலெக்டராயிருந்த காம்ப்பெல் 1823-இல் அனுப்பிய அறிக்கை இன்னும் உருக்கமானது. நடுத்தர மக்களும் கீழ்நிலை மக்களும் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் செலவைத் தாங்க இயலாதவராகிவிட்டனர். பிஞ்சுக் கைகள் சிறு வேலைக்கு உதவத் தொடங்கியதுமே அவற்றின் உழைப்பு வீட்டுக்குத் தேவைப்படுகிறது என்று அவர் எழுதினார். தம் அரசின் ஆட்சியில் நாடு வறுமையடைந்ததை அவர் மறைக்கவில்லை. அதிகாரியொருவர் பொறுப்பின் ஒரு பங்கைத் தம் பக்கமே இழுத்துக்கொள்ளும் காட்சி எக்காலத்திலும் அரிது.

இத்தகைய அறிக்கைகள் அலமாரியில் இருக்க, 1860-களின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்திலும் 'தேர்ச்சிக்கேற்ற மானியம்' புகுந்தது. இங்கிலாந்தில் பள்ளிக்கு அரசு தந்ததில் ஒரு பகுதி வருகைக்காகவேனும் கிடைத்தது. நம் திண்ணைப் பள்ளி வாத்தியாருக்கோ பிள்ளைகள் தரும் அரிசியும் காசும் போக, தேர்வு நாளில் தேறும் தலைகளின் எண்ணிக்கையே அரசுப் பணமாயிற்று. 1882-இல் ஹண்டர் தலைமையில் அமைந்த கல்வி ஆணையம், கல்லூரிகளுக்கு இம்முறை ஆகாது என்று விலக்கிற்று. தொடக்கப் பள்ளிகளுக்கு மட்டும் ஏற்றது என்று கூறிற்று. பெரியவர்க்குத் தகாதது சிறு பிள்ளைகளுக்குத் தகும் என்ற இம்முடிவின் நியாயம் நமக்கு இன்றுவரை விளங்கவில்லை. 1904 மார்ச் திங்களில் கர்ஸன் பிரபுவின் அரசு வெளியிட்ட கல்விக் கொள்கைத் தீர்மானமே இம்முறைக்கு முடிவு கட்டிற்று.

மேற்சொன்ன ஹண்டர் நம் வரலாற்றில் வேறு வகையிலும் இடம்பெறுபவர். அரசுப் பள்ளிகளில் முஸ்லிம் பிள்ளைகள் அருகியே காணப்பட்டதற்கு அக்காலத்தில் பலரும் சொன்ன காரணம், இச்சமுதாயத்தாரின் பிடிவாதம் என்பதே. ஹண்டரோ 1871-இல் வங்காள முஸ்லிம்களைப் பற்றி எழுதிய நூலில், அவர்களுடைய மொழிக்கும் மார்க்கக் கல்விக்கும் இடமளிக்காத பள்ளி முறையிலேயே குறை இருக்கிறது என்று வாதிட்டார். அந்நூலில் நாம் ஏற்க இயலாதவை பல உண்டு. ஆயினும் வராத பிள்ளையைக் குறை கூறுமுன் கதவின் அகலத்தை அளந்து பார்த்தாரே, அதனைப் பாராட்டத்தான் வேண்டும். நம் பாட்டிமார்கள் அரபுத்தமிழ்க் கிதாபுகளைத் தங்குதடையின்றி வாசித்தவர்கள். மானியத் தேர்வாளர் ஒருவர் முன் நின்றிருந்தால் அவர்கள் மூன்றிலும் தவறியவர்களாகவே பதியப்பட்டிருப்பார்கள்.

லோவின் புத்தகம் மூடப்பட்டுவிட்டதா? அமெரிக்காவில் 2002-இல் நடைமுறைக்கு வந்த ஒரு கல்விச் சட்டம், மாணவர் மதிப்பெண் உயராத பள்ளிகளைத் தண்டிக்க வகை செய்தது. அட்லாண்டா நகரில் 44 பள்ளிகளைச் சேர்ந்த 178 ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் மாணவரின் விடைத்தாள்களைத் திருத்திய முறைகேட்டில் தொடர்புடையவர்கள் என 2011-இல் அரசு விசாரணை கண்டறிந்தது. 2015-இல் அவர்களுள் 11 பேரை நீதிமன்றம் குற்றவாளிகள் எனத் தீர்த்தது. அதே ஆண்டின் இறுதியில் அச்சட்டமும் மாற்றப்பட்டது.

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. சென்ற ஆண்டு நம் ஊர்த் தாய் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். கணவர் பல ஆண்டுகளாக வளைகுடா நாட்டில். மகன் அருகிலுள்ள தனியார் பள்ளியொன்றில் ஒன்பதாம் வகுப்பு. பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று வாயிலில் பலகை வைக்கும் பள்ளி அது. பையன் தேற மாட்டான், மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு வேறு பள்ளி பாருங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். வீட்டில் கண்டிக்க ஆண் துணை இல்லை, அதனால்தான் இப்படி என்று உறவினர் தாயைப் பழித்தனர். தாய் பையனைப் பழித்தார். நாம் பள்ளியைப் பழித்தோம். காரணத்தை எவரும் தேடவில்லை.

அச்சிறுவன் நம்மிடம் ஓதியவன். நான்கு ஆண்டுகளுக்கு முன் குர்ஆனை முடித்தவன். இனிய குரல். அவன் முடித்த அன்று தட்டில் வந்த வேட்டியையும் ஐந்நூறு ரூபாயையும் மகிழ்ச்சியோடு பெற்றுக்கொண்டோம். அவன் வந்து நின்ற அன்றுதான் இமாம் ஸஹ்னூன் (ரஹ்) அவர்களின் சோதனை நினைவுக்கு வந்தது. முஸ்ஹஃபை நடுவில் எங்கோ திறந்து வைத்து ஓதச் சொன்னோம். புத்தகத்தை மூக்கருகில் கொண்டு சென்றான். ஓரிரு எழுத்துகளைத் தடவிப் பார்த்துவிட்டு நின்றுவிட்டான். மற்றப் பிள்ளைகளின் குரலைக் காதால் வாங்கியே அத்தனை ஆண்டுகளும் அவன் ஓதி வந்திருக்கிறான். கூட்டத்தோடு ஓதுபவனைத் தனியே நிறுத்தி ஒரு பக்கம் வாசிக்கச் சொல்ல வேண்டும் என்று நமக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. குரல் இனிதாக இருந்தது, அதுவே நமக்குப் போதுமாயிருந்தது.

கண் மருத்துவரிடம் அனுப்பினோம். கடுமையான கிட்டப்பார்வை. பள்ளியில் அவன் இடம் கடைசி வரிசை.

வேட்டி கிழிந்து போயிற்று. ஐந்நூறு ரூபாயை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குச் சென்றோம். கைரவானின் சட்டப்படி அது நமக்கு உரியதன்று என்று விளக்கினோம். ஓதிக் கொடுத்தவருக்குக் கொடுத்ததைத் திரும்ப வாங்கினால் பிள்ளைக்கு ஆகாது ஹஜ்ரத் என்று தாயார் கதவுக்குப் பின்னிருந்தே மறுத்துவிட்டார். அப்பணம் இன்னும் நம் மேசை அறையில் தனியே கிடக்கிறது. தந்தை விடுமுறையில் வரும்போது அவரிடமும் ஒருமுறை நீட்டிப் பார்க்க எண்ணியிருக்கிறோம்.

பையன் இப்போது கண்ணாடி அணிந்து, மகரிபுக்குப் பின் மற்றப் பிள்ளைகள் சென்றதும் தனியே வருகிறான். அலிஃபிலிருந்து தொடங்கியிருக்கிறோம். சிறிய ஸூராக்களெல்லாம் அவனுக்கு மனப்பாடம். ஆகையால் முஸ்ஹஃபைக் காட்டிப் பயனில்லை. சொற்களை முன்பின்னாக மாற்றிப் பலகையில் எழுதிக் கொடுக்கிறோம். தமிழ்ப் பாடநூலின் வரிகளையும் அவ்வாறே கலைத்து எழுதுகிறோம். நேற்று ஆறு சொற்களை எழுத்துக்கூட்டி வாசித்தான். ஏழாவதில் நின்றுவிட்டான்.